வாசகர் கேள்வி நேரம்: பெயர் மூடிய விடைத்தாள், காலாவதியான நோட்டு, வெண்டைத் தண்டு

சென்ற இதழில், பேரரசுக் காலச் சீனாவில் அரசு அதிகாரிகளைப் பொறுக்கியெடுத்த தேர்வுக்கூடங்களைப் பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதை ஒட்டி வந்த கேள்விகளே பை நிறைய இருப்பதால் இந்த முறை மற்ற பொருள்களுக்கு விடுமுறை.

கேள்வி: பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளின் பதிவெண் பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு டம்மி நம்பர் போட்டுத் திருத்த அனுப்புகிறார்கள். இந்த யோசனையே சீனாவில் பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். நிஜமா, சும்மா அடித்துவிட்டதா? – கல்லூரி மாணவி, திருச்சி

நிஜம்தான். தாங் வம்சக் காலத்தில், பேரரசி வூ சுதியன் ஆட்சியிலேயே விடைத்தாளில் பெயரின் மேல் தாள் ஒட்டி மறைக்கும் வழக்கம் தலைகாட்டுகிறது. அதை மீற முடியாத விதியாக்கியவர்கள் சோங் வம்சத்தார். 992-ல் கடைசிக் கட்டமான அரண்மனைத் தேர்வுக்கும், 1007-ல் அதற்கு முந்தைய கட்டமான தலைநகரத் தேர்வுக்கும் பெயர் மறைப்பு வந்தது.

பெயரை மறைத்தால் போதுமா? கையெழுத்து காட்டிக்கொடுக்கும். தூரிகை எழுத்து, நம் பேனா எழுத்தைவிட இன்னும் பளிச்சென்று ஆளைச் சொல்லும். அதனால் 1015-ல் தலைநகரத் தேர்வுக்கென்று ஒரு படியெடுக்கும் அலுவலகமே திறந்தார்கள். தேர்வர் எழுதியதை எழுத்தர்கள் அப்படியே வேறு தாளில் எழுதுவார்கள். திருத்துபவர் கைக்கு அந்தப் படி மட்டுமே போகும்.

கடைசி வம்சமான சிங் காலத்து மாகாணத் தேர்வில் ஒரு தாள் போகும் பாதையைப் பாருங்கள். தேர்வர் எழுதுவது கறுப்பு மையில். தாளை வாங்கியதும் பெயரும் ஊரும் உள்ள பகுதியை மடித்து ஒட்டி முத்திரை வைப்பார்கள், எண் கொடுப்பார்கள். படியெடுப்பவர் எழுதுவது சிவப்பில். மூலத்தையும் படியையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்குக் காவி மஞ்சள். துணைத் தேர்வாளர் குறிப்பு எழுதுவது நீலத்தில். தலைமைத் தேர்வாளர் மட்டும் மறுபடி கறுப்பு, ஆனால் அவர் கையில் இருப்பது சிவப்புப் படி. நடுவில் யாராவது ஒரு எழுத்தைச் சேர்த்தாலும் திருத்தினாலும் நிறமே ஆளைப் பிடித்துக்கொடுத்துவிடும். நிர்வாகத்தார் ‘வெளித்திரை’, திருத்துபவர்கள் ‘உள்திரை’ என்று பிரிக்கப்பட்டார்கள். கறுப்பு மூலம் வெளித்திரையைத் தாண்டாது. தேர்ச்சி முடிவான பிறகே எண்ணை ஒப்பிட்டு, முத்திரையை உடைத்து, பெயரைப் படிப்பார்கள்.

இதில் கோளாறே இல்லையா என்றால், உண்டு. படியெடுப்பவர் தூங்கிவழிந்தால் நல்ல கட்டுரையும் நாசமாகும். ‘என் தாளைக் கொஞ்சம் அழகாக எழுதுங்கள்’ என்று எழுத்தர்களுக்குக் காசு கொடுத்தவர்களும் இருந்தார்கள்.

நான்கிங்கில் இருந்த ஜியாங்னான் தேர்வு வளாகத்தில் 20,644 அறைகள். அறை என்பது பெரிய வார்த்தை. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம், கதவு கிடையாது, எதிரே நடைபாதை. பக்கச் சுவர்களில் இரண்டு உயரங்களில் பள்ளம் வெட்டியிருக்கும். இரண்டு பலகை தருவார்கள். பகலில் மேல் பள்ளத்தில் செருகியது மேசை, கீழ்ப் பள்ளத்தில் செருகியது இருக்கை. ராத்திரி மேல் பலகையை உருவிக் கீழே கொண்டுவந்தால் கட்டில். காலை மடக்கித்தான் படுக்க வேண்டும். சாப்பாடு, மெழுகுவர்த்தி, போர்வை, மழைக்கு எண்ணெய்த்துணி எல்லாம் தேர்வர் பொறுப்பு. எட்டாம் மாதத்தில் 9, 12, 15 தேதிகளை ஒட்டி மூன்று சுற்றுகள். வரிசைக் கடைசியில் கழிப்பிடம். அதை ஒட்டிய அறை கிடைத்தவன் கதியை நினைத்தே அதற்கு ‘நாற்ற எண்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தாளில் மை கொட்டினாலோ, பக்கம் விட்டுப்போனாலோ, பேரரசரைக் குறிக்கும் சொல்லைப் புது வரியின் உச்சியில் தூக்கி எழுதத் தவறினாலோ, திருத்தவே மாட்டார்கள். அந்த எண்ணை வெளியே ஒட்டிவிடுவார்கள். அடுத்த சுற்றுக்கு உள்ளே விட மாட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு காவலுக்குப் பிறகும் காப்பி அடித்தார்களா? – போட்டித்தேர்வுப் பயிற்சி மாணவர், மதுரை

அடிக்காமலா? தீப்பெட்டி அளவுப் புத்தகம், உள்சட்டைத் துணியில் பொடி எழுத்து, ஆள்மாறாட்டம் என்று எல்லாம் உண்டு. வாசலில் சோதனையும் அதற்கேற்பக் கடுமை. ஆனால் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருந்தது.

பெயரை மறைக்கலாம், கையெழுத்தை மறைக்கலாம், எழுதிய சொற்களை மறைக்க முடியாது. அவற்றைத்தானே திருத்த வேண்டும்? ஆகவே தேர்வாளரும் தேர்வரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள்: முதல் கட்டுரையின் கடைசியில் இந்த இடைச்சொல், செய்யுளில் இந்த வார்த்தை. தாள் எத்தனை கை மாறினாலும், எத்தனை மையில் படியெடுத்தாலும் அந்தச் சொல் பத்திரமாகப் போய்ச் சேரும். 1858-ல் பீகிங் வட்டாரத் தேர்வில் வெடித்த ஊழலில் இது ஒரு முக்கியச் சரடு. தலைமைத் தேர்வாளர் போஜுன், பேரரசின் மிக உயர்ந்த அமைச்சர்களில் ஒருவர். தன் வேலைக்காரன் கேட்டுக்கொண்டான் என்று ஒரு தாளை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பட்டியலில் சேர்த்தார். 1859-ல் தலை போயிற்று.

ஊழலே இல்லாமலும் தேர்வு சந்தி சிரித்திருக்கிறது. மிங் வம்சத்தில் 1397-ல் நடந்த தலைநகரத் தேர்வில் தேறிய ஐம்பது சொச்சம் பேரும் தெற்கத்திக்காரர்கள். வடக்கே கொந்தளிப்பு. பேரரசர் மறுபடி திருத்தச் சொன்னார். திருத்தியவர்கள் ‘முடிவு சரிதான்’ என்றார்கள். அதிகாரிகள் சிலரைக் கொன்றுவிட்டு, பேரரசரே புதுப் பட்டியல் போட்டார். அதில் 61 பேர், அத்தனை பேரும் வடக்கத்தியர்! ஆறின பிறகு விதி செய்தார்கள். 1427 வாக்கில் ஏற்பட்ட பங்கீடு: நூற்றுக்கு 55 இடம் தெற்குக்கு, 35 வடக்குக்கு, 10 இடைப்பகுதிக்கு. தாளைக் குருட்டுத்தனமாகத் திருத்துவது தாளுக்கு நியாயம் செய்யும். நல்ல ஆசிரியரும் அச்சகமும் எந்த ஊரில் இருந்தன என்ற கணக்கை அது தொடாது. தகுதியா பங்கீடா என்று இன்று மேடையில் மோதுகிறவர்கள் ஆறு நூற்றாண்டுக்கு முந்தைய சண்டையைத்தான் தொடர்கிறார்கள். இன்றைக்கும் சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் இடங்கள் மாகாணவாரியாகத்தான் பிரிகின்றன.

கேள்வி: அப்படியானால் நம் ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் சீனாதான் மூலமா? – வாசகர், பாளையங்கோட்டை

பாதிதான். கிழக்கிந்தியக் கம்பெனியில் முதலில் சிபாரிசுதான் வாசல். இயக்குநர் கைகாட்டிய பையன் 1806-ல் தொடங்கிய கம்பெனிக் கல்லூரியில் படித்துவிட்டுக் கப்பலேறுவான். 1853-ன் சாசனச் சட்டம் அந்த உரிமையைப் பிடுங்கியது. 1855-ல் லண்டனில் முதல் திறந்த போட்டித் தேர்வு. பிரிட்டனின் உள்நாட்டுப் பணிக்கும் போட்டித் தேர்வு வேண்டும் என்று 1854-ல் நார்த்கோட்–டிரெவிலியன் அறிக்கை வந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1847-ல் தாமஸ் டெய்லர் மெடோஸ் என்ற அதிகாரி, சீனப் பேரரசு இவ்வளவு காலம் நிலைத்ததற்குத் தேர்வுதான் காரணம், நாமும் வைக்க வேண்டும் என்று அச்சிலேயே வாதாடினார். அதற்கும் முன்னால் ஜேசுயிட் பாதிரிமார் கடிதங்கள் வழியாகச் சீனத் தேர்வின் புகழ் ஐரோப்பாவில் பரவியிருந்தது. ஆனால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குத் தன் சொந்த எழுத்துத் தேர்வுப் பழக்கமும் இருந்தது. இரண்டும் கலந்த கஷாயம் என்று சொல்வதே சரி.

நேராகச் சீனாவிலிருந்து எடுத்தவர்கள் கொரியாவும் வியட்நாமும். கொரியாவில் 958 முதல் 1894 வரை, வியட்நாமில் 1075 முதல் 1919 வரை நடந்தது. ஹனோயின் இலக்கியக் கோயிலில் தேறியவர்கள் பெயர் பொறித்த 82 கல்வெட்டுகள், கல் ஆமைகளின் முதுகில் இன்றும் நிற்கின்றன. சீனாவில் கடைசி உயர்நிலைத் தேர்வு 1904-ல். மறு ஆண்டு ஒழித்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தேர்வு முறையைவிடப் பாடத்திட்டம் பலம் வாய்ந்தது. 1313-ல் மங்கோலிய யுவான் அரசு, கன்பூசிய மரபின் ‘நான்கு நூல்க’ளையும் அவற்றுக்குச் சோங் காலத்து அறிஞர் ஜூ ஷி எழுதிய உரையையும் பாடமாக்கியது. மங்கோலியர் போனார்கள், பாடம் 1905 வரை போகவில்லை. ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முன்னோடியான பிரிட்டிஷ் கால ஐ.சி.எஸ்.ஸிலும் அதே கதை. லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் மதிப்பெண்ணை வாரி வழங்கினால், லண்டனில் எழுத வைத்தால், யார் தேறுவார்கள் என்பது தாளைத் திருத்துமுன்பே தெரிந்த விஷயம். 1863-ல் சத்யேந்திரநாத் தாகூர் தேறியதை அதிசயமாகப் பேசியது அதனால்தான். இந்தியாவிலேயே எழுதலாம் என்று ஆனது 1922-ல்.

கொசுறாக: சீன அதிகாரிக்கு ஆங்கிலேயர் சொல்லும் ‘மாண்டரின்’ சீனச் சொல்லே அல்ல. வடமொழி மந்திரி மலாய்க்குப் போய் ‘மெந்தெரி’ ஆகி, போர்த்துகீசியர் வாயில் ‘மாந்தரீம்’ ஆனது. நம் ஊர் மந்திரிதான் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

கேள்வி: சீனாவின் ‘நான்கு பெரும் கண்டுபிடிப்புகள்’ என்ற பட்டியலைச் சீனர்களே போட்டார்களா? – பள்ளி மாணவர், ஈரோடு

இல்லை. 1620-ல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் பேக்கன் அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி மூன்றும் உலகத்தையே மாற்றின என்று எழுதினார். அவை எங்கிருந்து வந்தன என்பது அவருக்குத் தெரியாது. பின்னால் வந்த ஐரோப்பியர்கள் காகிதத்தையும் சேர்த்து நான்காக்கினார்கள். சீனா அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது.

கேள்வி: ரூபாய் நோட்டில் இவ்வளவு தொகை தர உறுதியளிப்பதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திடுகிறார். காகிதப் பணத்தை முதலில் அச்சிட்ட சீனர்கள் அதைக் கைவிட்டுவிட்டு வெள்ளிக்குத் திரும்பினார்கள் என்கிறார்களே, ஏன்? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்

ஆரம்பம் சுமைதான். சோங் காலத்தில் சிச்சுவான் மாகாணத்தில் செம்புக் காசுக்குப் பதில் இரும்புக் காசு. சிறிய இரும்புக் காசில் பத்துச் சரம் (சரம் என்பது ஆயிரம் காசு கோத்த கணக்கு) 65 சின் எடை என்று குறிப்பு இருக்கிறது, அதாவது நம் கணக்கில் 40 கிலோவுக்கு மேல். மூன்று சரத்துக்குச் சாமான் வாங்கவே ஆள் திணறிவிடுவான். செங்டு நகரத்துப் பதினாறு பணக்கார வணிகர்கள் சேர்ந்து, காசை எங்களிடம் வையுங்கள், சீட்டு தருகிறோம் என்றார்கள். சீட்டே கைமாற ஆரம்பித்தது. வணிகர்கள் மற்றவர் காசில் நிலம் வீடு வாங்கிப்போட, சீட்டோடு ஜனங்கள் வந்து நின்றபோது பெட்டி காலி. அரசு 1023-ல் பொறுப்பை எடுத்துக்கொண்டு, மறு ஆண்டு வெளியிட்டது.

நீங்கள் வங்கிக்காரர், இந்த எண்களை ரசிப்பீர்கள். ஒரு தவணைக்கு உச்ச வரம்பு 12,56,340 சரம். கையிருப்பு இரும்புக் காசு 3,60,000 சரம். அதாவது 28 சதவீதத்துக்குச் சற்று மேல். நோட்டுக்கு ஆயுள் இரண்டு முழு ஆண்டுகள். முடிந்ததும் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்க வேண்டும். சரத்துக்கு 30 காசு கட்டணம். காலாவதித் தேதி இருந்ததால் கந்தல் நோட்டும் கள்ள நோட்டும் தவணைதோறும் வடிகட்டப்பட்டன. எத்தனை நோட்டு வெளியில் திரிகிறது என்பதும் அரசுக்குத் தெரிந்தது. என்னைக் கேட்டால் பிற்கால நோட்டுகள் பலவற்றைவிட இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

கெடுத்தது போர்ச் செலவு. பேரரசர் ஹுய்சோங் காலத்தில் வடமேற்கு யுத்தத்துக்காக, தொடக்க அளவைப்போல் இருபது மடங்குக்கும் மேல் அச்சிட்டார்கள். பழைய நோட்டு நான்குக்குப் புதியது ஒன்று என்றார்கள். கையிருப்பும் இல்லை. யுவான் அரசு 1260-ல் வெள்ளியை ஈடாக வைத்து ஒழுங்காகத் தொடங்கியது. 1287-ல் ஐந்துக்கு ஒன்று என்று புது நோட்டு போட வேண்டியதாயிற்று.

மிங் வம்சம் 1375-ல் வெளியிட்ட ஒரு சர நோட்டு மியூசியங்களில் இருக்கிறது. ஏறத்தாழ 34 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், மல்பெரிப் பட்டைக் கூழில் செய்த சாம்பல் நிறத் தாள். எழுத்தறியாதவருக்காக நடுவில் காசுச் சரங்களின் படம். கீழே எச்சரிக்கை: கள்ள நோட்டு அடிப்பவனுக்குத் தலை வெட்டு, பிடித்துக் கொடுப்பவருக்கு 250 தயேல் (சீன எடை அளவு) வெள்ளியும் குற்றவாளியின் சொத்தும். வேடிக்கை என்னவென்றால், பரிசை நோட்டாகத் தருகிறேன் என்று அரசு சொல்லவில்லை! வெள்ளியாகத்தான் தருமாம். ஜனங்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இந்த நோட்டுக்குக் காலாவதியும் கிடையாது, கையிருப்பும் கிடையாது. சம்பளம், வெகுமதி என்று அரசு கொட்டிக்கொண்டே போனது. வரியாக வாங்கும்போது மட்டும் கைசுருங்கியது. வெளியே போன நோட்டு திரும்பி வரும் வழி அடைபட்டால் மதிப்பு இறங்காமல் என்ன செய்யும்? கடைக்காரர்கள் கசங்கிய நோட்டுக்குத் தனியாகத் தள்ளுபடி பிடித்தார்கள். 1436 வாக்கில் வெள்ளி மீதிருந்த தடையை அரசு தளர்த்தியது. அதன் பிறகு ஜப்பான் வெள்ளி, அமெரிக்கக் கண்டத்து வெள்ளி எல்லாம் சீனாவை நோக்கியே ஓடிவந்தன.

இடையில் 1294-ல் ஈரானை ஆண்ட மங்கோலியர் தப்ரீஸில் இதைக் காப்பியடித்தார்கள். ‘சாவ்’ என்ற சீனப் பெயர் உட்பட. கடைவீதி மூடிக்கிடந்தது. சில வாரங்களில் வாபஸ்.

கேள்வி: கரும்பும் சர்க்கரையும் நம் நாட்டுச் சரக்கு. பிறகு ஏன் ‘சீனி’? – குடும்பத்தலைவி, தூத்துக்குடி

நியாயமான கேள்வி. கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்தான். 647-ஐ ஒட்டித் தாங் பேரரசர் தைசோங், சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆளனுப்பினார். யாங்சோ கரும்பை வரவழைத்துக் காய்ச்சச் செய்தார் என்று அவர்கள் வரலாறே சொல்கிறது. ஆனால் பளிச்சென்ற வெள்ளை நிறம் வேறு வேலை. 1637-ல் சோங் யிங்ஷிங் எழுதிய தொழில்நூலில் செய்முறை இருக்கிறது. அடியில் துளையுள்ள மண் புனலை ஒரு சாடிமேல் வைத்து, துளையை வைக்கோலால் அடைத்து, காய்ச்சிய கறுப்புப் பாகை ஊற்ற வேண்டும். பாகு குருணை கட்டியதும் வைக்கோலை உருவிவிட்டு, மேலே மஞ்சள் களிமண் கரைத்த நீரை வார்க்க வேண்டும். மண் நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அந்த ஈரம் குருணையைக் கரைக்காமல், அதன்மேல் ஒட்டியிருக்கும் கறுப்புக் கழிவை மட்டும் கழுவிக் கீழே இறக்கும். வெறும் தண்ணீரை ஊற்றினால் சர்க்கரையே கரைந்து போய்விடும். மேலே ஐந்து அங்குலம்போல் ஒரு அடுக்கு பால் வெள்ளையாக நிற்கும். கீழே போகப் போக மஞ்சள்.

இந்த வெள்ளைச் சரக்கு கடல் வழியே வந்து, வந்த ஊரின் பெயரையே பிடித்துக்கொண்டது. உங்கள் பக்கத்தில் வெள்ளை என்றால் சீனி, பழுப்பு என்றால் சர்க்கரை. பெரியவர்கள் சிலர் ‘அஸ்கா’ என்றும் சொல்வார்கள். அது ஒடிசாவில், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த அஸ்கா ஊர் ஆலையின் பெயர். தேயிலையில் உள்ள ‘தே’யும் தென்சீனத் துறைமுகமான அமோயின் பேச்சு, சாயாவில் உள்ள ‘சா’ மற்றச் சீனருடையது.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக மல்பெரிப் பட்டையில் சீன முறைப்படி காகிதம் செய்தோம். தாள்களை அடுக்கி அழுத்தியதும் எல்லாம் ஒட்டி ஒரே அட்டையாகிவிட்டது. சீனர்கள் நடுவில் துணி வைக்காமலே நூற்றுக்கணக்கில் அடுக்கியதாகப் படித்தோம். எங்கே தவறினோம்? – அறிவியல் ஆசிரியர், தருமபுரி

தொட்டியில் வழவழப்புச் சாறு கலக்கவில்லை என்று நினைக்கிறோம். காகிதம் பற்றிய பாடப்புத்தகங்கள் 105-ஆம் ஆண்டு, சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல், மீன்வலை என்று சொல்லி நிறுத்திவிடும். (அவருக்கு முந்தைய காகிதத் துண்டுகளும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன, அவர் முறைப்படுத்தியவர்.) தாள் ஒட்டாமல் பிரிய வைக்கும் சூட்சுமம் பாடத்தில் வராது. சீனாவில் அதற்குக் காட்டுக் கிவிக் கொடியின் சாறு, ஜப்பானில் நம் வெண்டையின் நெருங்கிய உறவான ஒரு செடியின் வேர். உங்களுக்கு வெண்டையே போதும்.

முதலிலிருந்து சரிபாருங்கள். பட்டுப்புழுவுக்கு இலை எடுத்த பிறகு வெட்டும் குச்சி நல்லது. பச்சையாக இருக்கும்போதே உரித்துவிடுங்கள், காய்ந்தால் அவித்துத்தான் உரிக்க முடியும். வெளிக் கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். விட்டால் தாளில் பழுப்புப் பொட்டு விழும். காய்ந்த உள்பட்டை ஒரு கிலோவை ஒரு இரவு ஊறவைத்து, 12 லிட்டர் தண்ணீரில் 150 முதல் 200 கிராம் சலவைச் சோடா போட்டு இரண்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான். அலுமினியத்தைச் சோடா அரிக்கும், கூழும் கறுக்கும். மாணவர்களுக்குக் கையுறை கட்டாயம். ஒரு நாரை எடுத்துக் குறுக்கே இழுத்தால் பஞ்சுபோல் பிரிந்து வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் அரைமணி. பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள்.

அடுத்து, மரச் சுத்தியலால் கல்மேல் வைத்து அடிப்பது. மிக்ஸியில் போட்டிருந்தால் அது இரண்டாவது தவறு. பிளேடு நாரை வெட்டிக் குட்டையாக்கிவிடும். மல்பெரித் தாளின் பலமே நீள நார்தான். முக்கால் மணி நேரம் அடித்த பின் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிச் சீசாத் தண்ணீரில் குலுக்கிப் பாருங்கள். மேகம்போல் பரவினால் சரி, முடிச்சு மிதந்தால் மறுபடி அடியுங்கள்.

இனி வெண்டை. காய் அல்ல, அறுவடை முடிந்த செடியின் தண்டும் வேரும். கால் கிலோவை நசுக்கி இரண்டு லிட்டர் குளிர்ந்த நீரில் ராத்திரி ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். 20 லிட்டர் தொட்டியில் காய்ந்த எடையில் 100 கிராம் அளவுக்குக் கூழ், அதில் அரை லிட்டர் சாறு விட்டுக் கலக்குங்கள். கையை விட்டு எடுத்தால் நீர் சொட்டாமல் கோழையாக இழுபட வேண்டும். போதவில்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இந்தச் சாறு பசை அல்ல. நீரைத் தடிப்பாக்கி, நீள நார்கள் சிக்கிக்கொள்ளாமல் மிதக்க வைக்கிறது. சல்லடையில் நீர் மெல்ல இறங்குவதால் நார் சீராகப் படிகிறது. ஈரத்தாளை அடுத்த தாளோடு பின்னவிடாமல் தடுக்கிறது. அழுத்தும்போது நீரோடு வெளியேறிவிடும். வெயிலில் இதன் வழவழப்பு சீக்கிரம் செத்துப்போகும். உங்கள் ஊர் மே மாதத்துப் பகலில் செய்திருந்தால் சாறு கலந்திருந்தாலும் பலன் குறைவாகத்தான் இருந்திருக்கும். விடியற்காலையில் தொடங்கி, பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

சுருட்டக்கூடிய மூங்கில் பாயைச் சட்டத்தில் வைத்து முக்கி, முன்னும் பின்னும் ஆட்டி, மிச்ச நீரை விளிம்பு வழியாகத் தள்ளிவிடுங்கள். பாயைக் கவிழ்த்து, ஓரத்திலிருந்து சுருட்டியபடி எடுத்தால் தாள் கீழே தங்கும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு நூல் வைத்தால் பின்னால் பிரிக்கச் சுலபம். அடுக்கை உடனே அழுத்தாதீர்கள்! ஒரு ராத்திரி தானாக வடியவிட்டு, மறுநாள் ஒரு பலகை, பிறகு ஒரு செங்கல், பிறகு நான்கு என்று மணிக்கணக்கில் ஏற்றுங்கள். திடீரென்று கனம் வைத்தால் உள்ளே சிக்கிய நீர் தாளைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். பிரித்த தாளை மழமழப்பான பலகையிலோ கண்ணாடியிலோ தூரிகையால் நீவி ஒட்டி உலர்த்துங்கள். மை ஊறிப் பரவினால் நீர்த்த கஞ்சியை ஒரு முறை தடவுங்கள்.

கேள்வி: சீனாவில் இன்றும் ‘ஹுகோவ்’ என்ற குடும்பப் பதிவேட்டால் கிராமத்தார் நகரத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கத் திண்டாடுகிறார்களாமே, அதுவும் பேரரசு விட்டுப்போன சொத்தா? – வாசகர், கோவை

வேர் அங்கேதான். மிங் அரசு 1381-ல் நாடு முழுவதும் மஞ்சள் பதிவேடு கொண்டுவந்தது. 110 வீடுகள் ஒரு அலகு. வசதியான பத்து வீடுகள் ஆண்டுக்கு ஒன்றாகப் பொறுப்பேற்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப் பதிவு. குடியானவர், படைவீரர், கைவினைஞர் என்று வீட்டுக்கு வீடு வகை குறித்து, அதைப் பரம்பரையாக்கினார்கள். மூலப் படிகளை நான்கிங் ஏரியின் தீவுகளில், தீக்குப் பயந்து, ஊரைவிட்டுத் தள்ளி வைத்தார்கள். கட்டும் பசையில் பூச்சி அரிக்காமலிருக்கப் படிகாரமும் சீன மிளகுப் பொடியும் கலக்க உத்தரவு. பூச்சி வராமல் பார்த்துக்கொண்டார்கள், எழுத்தர் சோம்பலைத் தடுக்க முடியவில்லை. பழைய பட்டியலையே படியெடுத்து அனுப்பியதால் பிற்காலப் பதிவேடுகளில் பல, நிலவரத்துக்குச் சம்பந்தமில்லாத காகிதம்.

இப்போதைய ஹுகோவ், 1958 ஜனவரியில் வந்த சட்டம். பழைய பதிவேடு வரிக்கும் ஊழியத்துக்கும் ஆளைப் பிடித்துவைத்தது. புதியது ரேஷன், பள்ளி, மருத்துவம் யாருக்கு எங்கே என்பதைப் பிடித்துவைத்தது. வேளாண் குடும்பம், வேளாண் அல்லாத குடும்பம் என்ற பிரிவை எடுத்துவிடுவதாக 2014-ல் அறிவித்தார்கள். பெரிய நகரங்களில் இடம் கிடைப்பது இன்னும் கஷ்டம்தான்.

கேள்வி: சீனப் பேரரசர் ஒருவர் தமிழில் கல்வெட்டு வெட்டிவைத்தார் என்கிறார்கள். எங்கே இருக்கிறது? – வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் நாட்டிலேயே, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். மிங் பேரரசர் யோங்லே பெயரில், கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்தது. கல்லில் உள்ள தேதி 1409-ன் தொடக்கத்துக்குச் சரியாகிறது. மூன்று மொழிகள்: சீனம் புத்தருக்கு, தமிழ் தெவிநுவரையில் கோயில்கொண்ட தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகம் அல்லாவுக்கு. மூவருக்கும் காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றே. பொன் 1,000, வெள்ளி 5,000, எண்ணெய் 2,500 கட்டி (சீன எடை அளவு). யாருக்கும் ஓரவஞ்சனை இல்லை. மற்ற இரண்டு தரப்பாரும் படித்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே வெட்டியதுபோல் இருக்கிறது.

1911-ல் இலங்கையின் தென்கரை ஊரான காலியில் கிடைத்தது. ஒரு மதகின் மேல்மூடியாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். சீனமும் தமிழும் படிக்கும்படி தப்பின. பாரசீகப் பகுதிதான் நிறையத் தேய்ந்துவிட்டது.